கோட்டை ஸ்டேஷனில் படுக்கும் பொடியன்களுக்கு ஒரு அமைப்பு தொடங்குவது எப்படி?

கேள்வி
2024 பெப்ரவரி 11

வேலை முடிந்து கொழும்பு கோட்டை ஸ்டேஷனுக்கு வர இரவு பத்து மணி தாண்டிவிடும். பதினேழு, பதினெட்டு, இருபது வயதுப் பொடியன்கள் ஸ்டேஷனுக்கு வெளியேயும் பஸ் நிலையத்துப் பக்கமும் படுத்திருப்பதை ஒரு வருடமாகப் பார்க்கிறேன். பாதிப்பேர் தமிழ்தான் பேசுகிறார்கள். நாங்கள் நான்கு நண்பர்கள் மாதாமாதம் கொஞ்சம் காசு ஒதுக்கி வைத்திருக்கிறோம். தெமட்டகொடைப் பக்கம் ஒரு வீடு எடுத்து, பத்துக் கட்டில் போட்டு, அறக்கட்டளையாகப் பதிவு செய்யலாம் என்று யோசனை. எங்கே பதிவது? எவ்வளவு காலம் எடுக்கும்? படுக்க ஒரு இடம் கிடைத்தால் மற்றதெல்லாம் தானாகச் சரிவரும் என்பது என் எண்ணம். அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

பெப்ரவரி 11, இரவு 11.20

தம்பி, வீடு எடுக்காதீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் ஐந்து பேர் இந்த வேலையைச் செய்கிறோம். நான் கணக்கு எழுதுபவன். மற்றவர்கள் ஓய்வு பெற்ற ஒரு டீச்சர், ஒரு கன்னியாஸ்திரி, புதுக்கடையில் வழக்குப் பேசும் ஒரு சட்டத்தரணி, ஒரு சலூன்காரர். இதில் ஆகப் பெரிய ஆள் சலூன்காரர்தான். பொடியன்களை முதலில் தெரிந்தவர் அவர். முடி வெட்டக் காசில்லாமல் வாசலில் நின்ற ஒருவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்ததில் இருந்துதான் எல்லாம் ஆரம்பம்.

எங்கள் முதல் சொத்து ஆறு கதவு வைத்த ஒரு இரும்பு அலுமாரி. மூடிய ஒரு கந்தோரில் இருந்து பழைய விலைக்கு வாங்கி, சலூனின் பின்னறையில் வைத்தோம். ஒரு கதவுக்கு ஒரு பூட்டு, ஒரு பூட்டுக்கு ஒரு பொடியன்.

ஏன் அலுமாரி என்று கேட்பீர்கள். நாளை இரவு ஸ்டேஷன் பக்கம் போகும்போது அவர்கள் எப்படிப் படுத்திருக்கிறார்கள் என்று நின்று பாருங்கள். செருப்பு தலைக்குக் கீழே இருக்கும். பையின் வாரை மணிக்கட்டில் சுற்றியிருப்பார்கள். போன் சாரத்து மடிப்புக்குள். அப்படிப் படுப்பவன் தூங்குவதில்லை, கண்ணை மூடிக்கொண்டு காவல் காக்கிறான். காலையில் வேலை கேட்டு ஒரு கடைக்குப் போனால் தோளில் அந்தப் பை இருக்கும். பையைப் பார்த்ததும் முதலாளிக்கு விளங்கிவிடும், இவன் ரோட்டில் படுப்பவன் என்று. ஒரு பையை எட்டு மணி நேரம் இறக்கி வைக்க முடியாததால் வேலை கிடைக்காமல் போன பொடியன்களை எனக்குத் தெரியும்.

மற்றதை நாளைக்கு எழுதுகிறேன்.

பெப்ரவரி 12

பதிவு பற்றிக் கேட்டீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது, தொண்டர் சமூக சேவை அமைப்புகளைப் பதிவதற்கு. ஏழைகள், நோயாளர், அநாதைகள், ஆதரவற்றோருக்கு வேலை செய்யும் அமைப்பு அதற்குள் வரும். ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்குள் மட்டும் வேலை என்றால் அந்தச் செயலகத்திலேயே தொடங்கலாம். கவனியுங்கள், கொழும்பு நகரம் இரண்டு பிரிவாக இருக்கிறது. புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை எல்லாம் கொழும்புப் பிரிவு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி திம்பிரிகஸ்யாயப் பிரிவு. இரண்டிலும் கால் வைக்க நினைத்தால் முதலிலேயே அதைச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாவது வழி, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிவது. பங்கு இல்லை, இலாபம் பிரிப்பதும் இல்லை. பணிப்பாளர்கள், செயலாளர், கணக்காய்வு எல்லாம் முறைப்படி வேண்டும். மூன்றாவது, சட்டத்தரணியிடம் உறுதி எழுதி நம்பிக்கைப் பொறுப்பாக அமைப்பது. அதற்கு 1917ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம்.

நாங்கள் முதல் வழியில் போனோம். கணக்கு எழுதுபவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பதிவு கிடைக்கும் வரை உங்கள் சொந்தக் கணக்கில் ஒரு சதமும் வாங்காதீர்கள், யார் தந்தாலும் சரி. நால்வரும் நண்பர்கள் என்பதால்தான் சொல்கிறேன். வங்கியில் கூட்டுக் கணக்கு, இரண்டு கையெழுத்து, சில்லறைச் செலவுக்கு ஒரு கொப்பி. பத்து ரூபாய்க்கு வாங்கிய போட்டோகொப்பியும் அந்தக் கொப்பியில் ஏற வேண்டும்.

பெப்ரவரி 12, மாலை

படுக்க இடம் கிடைத்தால் மற்றதெல்லாம் சரிவரும் என்று எழுதியிருந்தீர்கள். காலையில் அதைத் தொடாமல் விட்டுவிட்டேன்.

அடையாள அட்டை இல்லாதவனுக்கு லொட்ஜ் இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, சொந்தப் பெயரில் சிம் இல்லை, ஒழுங்கான வேலை இல்லை. அட்டைக்கு விண்ணப்பிக்கப் பிறப்புச் சான்றிதழும் கிராம சேவகரின் உறுதிப்படுத்தலும் வேண்டும். கிராம சேவகர் கேட்கும் முதல் கேள்வி, எந்த வீட்டில் இருக்கிறாய்? வீடு இல்லாதவன் அங்கேயே திரும்பி வந்துவிடுவான். நீங்கள் பத்துக் கட்டில் போட்டாலும் இந்தக் கதவு திறக்காது.

எங்கள் டீச்சர் முதல் வருடத்திலேயே ஒரு காரியம் செய்தார். தன் வீட்டு இலக்கத்தைத் தந்தார். "என் வீட்டில் இருக்கிறான், நான் பொறுப்பு" என்று கிராம சேவகருக்கு முன்னால் போய் நின்றார். முதல் பொடியனை ஒரு மாதம் உண்மையாகவே வீட்டு முன்னறையில் வைத்திருந்தார், பொய் சொல்லக் கூடாது என்பதற்காக. அந்த வீட்டுக்கு இன்றைக்கும் யார் யாருடைய பெயருக்கோ கடிதம் வரும். தபால்காரருக்கே பழகிவிட்டது.

பெப்ரவரி 14

திருத்தம். கிராம சேவகர் என்று பொதுவாக எழுதிவிட்டேன். பாடசாலையில் படிப்பவர்களுக்கு அதிபர் ஊடாகப் போகும். தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தோட்ட அத்தியட்சகர் உறுதிப்படுத்துவார்.

கொழும்பில் ரோட்டில் நிற்கும் தமிழ்ப் பொடியன்களில் கனபேர் மலையகத்துப் பிள்ளைகள் என்பதால் இந்த விஷயம் முக்கியம். அவன் படிப்பை இடையில் விட்டவன், ஆகவே அதிபர் இல்லை. தோட்டத்தை விட்டு வந்தவன், ஆகவே அத்தியட்சகருக்கு அவனைத் தெரியாது. கொழும்பில் வீடில்லை, ஆகவே கிராம சேவகரும் இல்லை. மூன்று பக்கமும் அடைப்பு.

பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பயப்பட வேண்டாம். கணினியில் ஏறியிருந்தால் நுவரெலியாவுக்கோ பதுளைக்கோ ஓடாமல் இங்குள்ள பிரதேச செயலகத்திலேயே நகல் எடுக்கலாம். பிறப்பே பதியப்படவில்லை என்றால் உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. அதற்கு நடை அதிகம், பொறுமையும் அதிகம் வேண்டும்.

ஒரு பொடியனின் தாத்தாவுக்கு வாழ்நாள் முழுக்க எந்த நாட்டுப் பத்திரமும் இருக்கவில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது வெளியே தள்ளப்பட்ட ஆட்களில் ஒருவர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்து குடியுரிமையைக் கொடுக்கும்போது அவர் உயிரோடு இல்லை. அந்தக் குடும்பத்தில் பத்திரம் என்றாலே பயம், கந்தோர் என்றாலே பயம். பேரன் பிரதேச செயலக வாசல்வரை வந்து உள்ளே வராமல் நின்றான். நான் திட்டினேன். பிறகுதான் இந்தக் கதையைச் சொன்னான். திட்டியிருக்கக் கூடாது.

பெப்ரவரி 18

சாப்பாட்டுப் பார்சலோடு தொடங்கலாமா என்று மட்டக்களப்பில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்.

நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். ஞாயிறு இரவு முப்பது பார்சல், சோறு, பருப்பு, டின்மீன், சம்பல். நாலாவது வாரம் ஒரு பொடியன் சிரித்துக்கொண்டே கணக்குச் சொன்னான். "அண்ணே, செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாருக்கு வாற ஆட்கள் தருவாங்க. வெள்ளிக்கிழமை கோவில். பௌர்ணமிப் போயாவுக்கு எங்கேயாவது தன்சல்ல சும்மா சாப்பாடு. ஞாயிறு நீங்க. திங்களும் புதனும்தான் இடிக்குது." நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அடுத்த வாரம் பார்சலைத் திங்களுக்கு மாற்றினோம், புதனுக்கு இன்னொரு குழுவைப் பிடித்தோம். ஆனால் அவன் சொன்னது எனக்குள் நின்றுவிட்டது. இந்த ஊரில் பசிக்குக் கொடுக்க ஆள் உண்டு. கூட நடந்து கந்தோருக்குப் போகத்தான் ஆள் இல்லை.

பிறந்தநாள் சாப்பாடு கொடுக்க வருபவர்களை மறிக்காதீர்கள். படம் எடுக்க மட்டும் விடாதீர்கள். எங்கள் பொடியன் ஒருவனின் படம் யாரோ ஒருவரின் பேஸ்புக்கில் போய், ஊரில் அவன் அம்மா பார்த்தார். அவன் ஹோட்டல் வேலை என்று சொல்லி வைத்திருந்தவன். ஆறு மாதம் வீட்டோடு பேசவில்லை.

மார்ச் 2

வயது. இதை நான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

பதினெட்டுக்குக் குறைந்த பிள்ளையை நீங்களாகக் கூட்டிப்போய் எங்கும் வைத்திருக்கக் கூடாது, நல்ல எண்ணத்தோடு என்றாலும். 1929க்கு அழையுங்கள், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை. அல்லது பிரதேச செயலகத்தில் இருக்கும் நன்னடத்தை உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். பிள்ளை எங்கே இருப்பது என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கும். சிறுவர் இல்லம் நடத்துவது வேறு சட்டம், வேறு பதிவு, வேறு பொறுப்பு. நீங்கள் அதற்குள் போகத் தேவையில்லை.

உங்களுக்கு வேலை இருக்கும் இடம் பதினெட்டுக்கு மேலே. இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்குப் பதினெட்டு வந்ததும் ஒரு பையோடு வெளியே வர வேண்டியதுதான். அதுவரை மணியடித்தால் சாப்பாடு, மணியடித்தால் தூக்கம். அடுத்த நாள் கொழும்பில் அறை தேடு, முற்பணம் கட்டு, வேலை பார். வீட்டில் வளரும் பிள்ளைக்கு இருபத்தைந்து வயதிலும் அம்மா சோறு போட்டு வைக்கிறார். இவனுக்கு யார் இருக்கிறார்கள்?

ஒரு பொடியன் சலூனுக்கு வந்தபோது அவனுக்கு பாண் வாங்கத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. இல்லத்துக்கு வெளியே கடையில் நின்று ஒரு பொருளை விலை கேட்டு வாங்கியதே இல்லை அவன். சலூன்காரர் நூறு ரூபாயைக் கையில் கொடுத்து, "போய் ஏதாவது ஒன்று வாங்கு, மிச்சக் காசை எண்ணிப் பார்த்து வாங்கு" என்று அனுப்பினார். ஒரு பணிஸோடு வந்தான். மிச்சத்தை மேசையில் ஒவ்வொன்றாக வைத்து எண்ணிக் காட்டினான்.

மார்ச் 20

இன்றைக்கு நாலு வருடம். 2020 மார்ச் 20 மாலை ஆறு மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள். கொழும்பில் அது மே 26 வரை தொடர்ந்தது.

அன்று மதியம் புறக்கோட்டையில் ஒவ்வொரு கடையாக ஷட்டர் இறங்கியது. எனக்கு வந்த முதல் அழைப்பு மூன்று மணிக்கு. "அண்ணே, முதலாளி கடையைப் பூட்டிட்டார், ஊருக்குப் போகச் சொல்றார், பஸ் இல்ல." அவன் படுப்பது அந்தக் கடைக்குள். இதுதான் புறக்கோட்டையில் வெளியாட்களுக்குத் தெரியாத விஷயம். இங்கே வேலையும் படுக்கையும் ஒன்று. வேலை போன அன்றிரவே படுக்கையும் போய்விடும். சம்பளப் பாக்கி முதலாளியிடம், சிலபேரின் அடையாள அட்டையும் முதலாளியிடம். உடுப்புப் பை மட்டும் கையில் இருக்கும்.

ஸ்டேஷனில் நீங்கள் பார்க்கும் பொடியன்களில் பாதிப்பேர் போன வாரம் வரை எங்கோ ஒரு கடையில் வேலை செய்தவர்கள். வருடக்கணக்காக ரோட்டில் இருப்பவர்கள் குறைவு. ஒரு சண்டை, ஒரு காய்ச்சல், ஒரு களவுப் பழி, இவ்வளவுதான். அந்த முதல் பத்து இரவுக்குள் யாராவது பிடித்துவிட்டால் அவன் திரும்பிவிடுவான். பத்து இரவு தாண்டினால் குடு, ஐஸ் என்று போதைப்பொருள் விற்பவர்கள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள்.

மார்ச் 21

நேற்று எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். இரவு முழுக்க யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

நானும் அப்படிப் படுத்தவன்தான். 1991, பதினேழு வயது. அட்டனில் இருந்து ரயில் ஏறி வந்து, குறுக்குத் தெரு ஒன்றில் துணிக்கடையில் வேலை. இரவு எட்டரைக்கு ஷட்டர் இறங்கும், வெளியே இருந்து ஆமைப்பூட்டு விழும். உள்ளே நாங்கள் மூன்று பேர், துணிப் பேல்களுக்கு மேலே. காலை ஏழரைக்குத்தான் திறப்பார்கள். மலசலகூடம் பின்முற்றத்தில், அந்தக் கதவும் பூட்டு. ஒரு பெயின்ட் வாளி வைத்திருந்தோம். காலையில் யார் அதை எடுத்துப்போவது என்று முறை போட்டிருந்தோம்.

மலிவான சீத்தைத் துணியின் கஞ்சி மணம் இன்றைக்கும் எங்காவது வந்தால் அந்த ஷட்டருக்குக் கீழே நிலத்தோடு வரும் வெளிச்சக் கோடு கண்ணுக்கு முன்னால் வரும். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் நேரம் பார்ப்போம்.

எனக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. கணக்குப்பிள்ளை ஐயா ஒருவர், மாலை வேளையில் பேரேடு எழுதக் கற்றுக்கொடுத்தார். வேலையை விட்டு விலகிய அன்று தன் வீட்டில் இடம் தந்தார், ஒன்பது மாதம். வாடகை வாங்கவில்லை. "நீ யாருக்காவது கொடு" என்றார். கொடுக்க எனக்கு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆனது.

ஏப்ரல் 7

வேலை எடுத்துக் கொடுப்பது பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். மூட்டை தூக்கும் நாட்டாமை வேலை, ஹோட்டல் வேலை நாங்கள் தேடிக் கொடுக்கத் தேவையில்லை. அவர்களே தேடிக்கொள்வார்கள். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வரும் பயிற்சிக்கு அனுப்புங்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபை இருக்கிறது, தொழில் பழகுநர்களுக்குப் பயிற்சி தரும் அரச நிறுவனமான நைட்டா இருக்கிறது. அங்கேயும் முதலில் கேட்பது அடையாள அட்டை.

பதினாறுக்குக் குறைந்தவனை வேலைக்கு வைப்பது 2021இல் இருந்து சட்டப்படி குற்றம், அதற்கு முதல் எல்லை பதினான்கு. கடைக்காரர்களுக்கு இதை ஞாபகப்படுத்தத் தயங்காதீர்கள்.

மே 24

நேற்று வெசாக். தன்சல் வரிசையில் எங்கள் பொடியன் ஒருவனைக் கண்டேன், கரண்டியோடு, பரிமாறும் பக்கத்தில். கொத்துக் கடையில் சேர்ந்து நாலு மாதம். என்னைக் கண்டதும் தட்டில் இரண்டு கரண்டி கூடப் போட்டான். மனம் நிறைந்துவிட்டது. அதை எழுதவேண்டும் போல் இருந்தது, அவ்வளவுதான்.

ஜூன் 5

மூன்று நாளாக மழை. ஸ்டேஷன் பக்கம் நேற்றிரவு போனோம். நனையாத இடம் கொஞ்சம்தான், அதில் வயதானவர்களை உள்ளே விட்டுப் பொடியன்கள் ஓரத்தில் நின்றிருந்தார்கள். இரவு முழுக்க நின்றுகொண்டே. ஒரு பொலிஸ்காரர் வந்து விரட்டப் பார்த்தார். சட்டத்தரணி பேசினார், அவரும் விட்டுவிட்டார்.

சட்டம் தெரிந்துகொள்ளுங்கள். அலைந்து திரிபவர்கள் பற்றி 1841இல் ஆங்கிலேயர் போட்ட கட்டளைச் சட்டம் ஒன்று உண்டு. பிழைப்புக்கு வழி காட்ட முடியாமல் திரிபவனைப் பிடித்து நீதவான் முன் நிறுத்த அதில் இடம் இருக்கிறது. வீடில்லாமல் இருப்பதையே குற்றமாகப் பார்த்த காலத்துச் சட்டம். உங்கள் நால்வரில் சட்டம் படித்தவர் இல்லை என்றால் ஐந்தாவது ஆளாக ஒருவரைச் சேருங்கள். நள்ளிரவில் போன் எடுக்கும் சட்டத்தரணியாக இருக்க வேண்டும்.

ஜூலை 14

தம்பி தனியாகக் கேட்டிருந்தார், வீடு எடுக்காதீர்கள் என்று அவ்வளவு அழுத்திச் சொல்ல என்ன காரணம் என்று. நாங்கள் எடுத்தோம். அதுதான் காரணம். இவ்வளவு நாள் அதை எழுதக் கை வரவில்லை.

2021 கடைசியில் கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு வீடு, எட்டுக் கட்டில். சுவரில் விதிமுறை எழுதி ஒட்டினோம், நான்தான் எழுதினேன். இரவு ஒன்பதரைக்கு வாசல் பூட்டப்படும். போதை கூடாது. மூன்று தடவை மீறினால் வெளியே. ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம். எட்டுப் பொடியன்களிடமும் கையெழுத்து வாங்கினோம்.

ஒருவன் கொத்துக் கடையில் உதவிக்கு நின்றான். கடை மூட இரவு பன்னிரண்டு. முதல் இரண்டு தடவை கெஞ்சி உள்ளே வந்தான். மூன்றாவது தடவை நான் வாசலைத் திறக்கவில்லை. விதிமுறை என்றால் விதிமுறை, ஒருவனுக்கு வளைத்தால் எட்டுப் பேருக்கும் வளைக்க வேண்டும் என்று உள்ளே இருந்தபடி சொன்னேன். அவன் சத்தம் போடவில்லை. "சரி சேர்" என்றான். அதுவரை என்னை அண்ணே என்று கூப்பிட்டவன்.

அவன் போன பிறகு யன்னலால் பார்த்தேன். மூலையில் இருந்த கடை வாசலில் உட்கார்ந்து, கையில் இருந்த பார்சலைப் பிரித்தான். கடையில் மிஞ்சிய கொத்து. எட்டுப் பேருக்கும் என்று கொண்டு வந்திருக்கிறான். பார்சல் பெரியது.

நான் அப்போதும் திறக்கவில்லை.

எனக்கு வெளியில் இருந்து பூட்டிய ஷட்டரை மார்ச் மாதம் இங்கே எழுதினேனே, அதே கைதான் உள்ளே இருந்து வாசலைப் பூட்டியது. இரண்டு வாரம் தேடினோம். கிடைத்தான், உயிரோடு, ஆனால் எங்களிடம் திரும்பி வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

வீடு ஏழு மாதத்தில் முடிந்தது. எரிவாயு வரிசை, பெற்றோல் வரிசை ஓடிய 2022. காசு தந்தவர்களுக்கே காசில்லை. அதை மட்டும் காரணமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்துப் பேரை ஒன்றாகப் படுக்க வைத்தால் அந்த வீட்டுக்கு மணி வேண்டும், வாசல் வேண்டும், விதி வேண்டும். அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேர் அப்படி ஒரு இடத்தில் வளர்ந்து வந்தவர்கள்தான்.

ஜூலை 15

இப்போது என்ன செய்கிறோம் என்று உடனே கேட்டிருக்கிறீர்கள். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கம் போர்டிங் கொடுக்கும் குடும்பங்களோடு பேசி வைத்திருக்கிறோம். ஒரு வீட்டுக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர். முதல் மாத வாடகையும் முற்பணமும் சங்கம் கட்டும். இரண்டாம் மாதம் பாதி, மூன்றாம் மாதத்தில் இருந்து அவனே. திறப்பு அவன் கையில். எத்தனை மணிக்கு வருவது என்பது அவனுக்கும் வீட்டுக்கார அம்மாவுக்கும் இடையில் உள்ள பேச்சு. முற்பணம் திரும்பி வந்தால் அடுத்தவனுக்குப் போகும். திரும்பி வராததும் உண்டு, அதற்கும் பேரேட்டில் ஒரு பக்கம் இருக்கிறது.

ஓகஸ்ட் 9

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்று ஒரு அக்கா கோபித்திருக்கிறார். சரிதான். நான் பொடியன், பொடியன் என்றே எழுதிக்கொண்டு போயிருக்கிறேன்.

அவர்களை ஸ்டேஷனில் காண மாட்டீர்கள். வீட்டு வேலைக்கு வந்து, அடி தாங்காமல் இறங்கியவள் ரோட்டில் படுக்க மாட்டாள், யாராவது ஒருவரின் வீட்டுக்குப் போவாள். அந்த யாராவதுதான் ஆபத்து. எங்கள் சிஸ்டர் ஆஸ்பத்திரி வார்ட்டுகளுக்கும் கட்டுநாயக்கா பக்கத்து போர்டிங்குகளுக்கும் போய் வருகிறார். 1978இல் அங்கே சுதந்திர வர்த்தக வலயம் வந்த நாள் தொட்டு ஊர் ஊராகப் பெண் பிள்ளைகள் வந்து தங்கும் இடம் அது. வேலை போனால் அங்கேயும் அறை போகும். 1938 பெண்களுக்கான அழைப்பு இலக்கம், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகளுக்கான வேலையை ஆண்கள் நால்வர் தொடங்காதீர்கள். முன்னால் நிற்க ஒரு பெண் வேண்டும், முடிவெடுக்கும் இடத்திலும் இருக்க வேண்டும்.

அக்கா, இதைப் பற்றி நீங்களே எழுதினால் என்னைவிட நன்றாக இருக்கும்.

செப்டெம்பர் 1

லண்டனில் இருக்கும் ஒருவர் சென்டர்பாயின்ட் பற்றி எழுதியிருந்தார். 1969 டிசம்பரில் சோஹோவில், செயின்ட் ஆன் தேவாலயத்துக்கு உரிய கட்டடத்தின் நிலவறையில், கென்னத் லீச் என்ற பாதிரியாரும் தொண்டர்களும் தொடங்கியது. வெளியூர்களில் இருந்து லண்டனுக்கு வந்து தங்க இடமில்லாமல் நின்ற பிள்ளைகளுக்கு இரவில் படுக்க இடம். இன்றைக்கு அந்நாட்டில் பதினாறில் இருந்து இருபத்தைந்து வயது வரையான பிள்ளைகளுக்கு வேலை செய்யும் பெரிய அமைப்பு.

இதைப் படித்ததும் எனக்கு ஒரு தடுமாற்றம். அவர்கள் படுக்கையில்தான் தொடங்கினார்கள். நான் படுக்கை வேண்டாம் என்று ஆறு மாதமாக எழுதுகிறேன். யோசித்துப் பார்த்தேன். நிலவறை ஒரு இரவுக்கு, இரண்டு இரவுக்கு. அந்த முதல் பத்து இரவு என்று நான் எழுதியது அதுதான். ஜூன் மழையில் நின்றுகொண்டே விடிய வைத்த பொடியன்களுக்கு என் அலுமாரி என்ன செய்தது? ஒன்றுமில்லை. அவசரத்துக்கு நாலு பாய் போடும் இடம் ஒன்று வேண்டும்தான். பெப்ரவரியில் நான் எழுதியதில் அந்த அளவுக்குத் திருத்திக்கொள்ளுங்கள். வாசலைப் பூட்டாத இடமாக இருக்கட்டும்.

ஒக்டோபர் 30

நாளை தீபாவளி. புறக்கோட்டையில் இன்று மலையகத்துக்குப் போகும் பஸ்களில் கால் வைக்க இடமில்லை. கடைப் பொடியன்கள் எல்லாம் கையில் உடுப்புப் பையோடு, தங்கச்சிக்குச் சட்டை, அம்மாவுக்குச் சேலை. போக முடியாதவர்கள் சலூனில் இருக்கிறார்கள், இன்றைக்கு ஏழு பேர். ஒருவனுக்கு அப்பா வாசலில் கால் வைக்காதே என்று சொல்லியிருக்கிறார். ஒருவனுக்கு ஊரில் யாருமே இல்லை.

டீச்சர் வீட்டில் நாளை காலை எண்ணெய் வைத்து முழுக்கு. அவர்தான் ஒவ்வொரு தலையிலும் வைப்பார். முதல் வருடம் ஒரு பொடியன் தலையைக் கொடுக்காமல் விலகி விலகிப் போனான். இந்த வருடம் மாலை நாலு மணிக்கே வந்து, எண்ணெய் காய்ச்சியாயிற்றா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

நவம்பர் 17

தம்பி எழுதியிருக்கிறார். மருதானையில் ஒரு டியூட்டரியின் பின்னறை கிடைத்திருக்கிறது, எட்டுக் கதவு அலுமாரி வாங்கியாயிற்று, நாலு பாய், போன் சார்ஜ் போட ஒரு பலகை. பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பமும் போட்டாயிற்று. ஐந்தாவது ஆளாக ஒரு சட்டத்தரணி அக்கா. மிக நல்லது.

அவர் கேட்பது: ஒவ்வொரு பூட்டுக்கும் இரண்டு திறப்பு வருகிறது, இரண்டாவதை எங்கே வைப்பது?

நாங்கள் முதலில் எல்லா இரண்டாவது திறப்பையும் ஒரு வளையத்தில் கோத்து சலூன் மேசை லாச்சியில் வைத்திருந்தோம், தொலைத்தால் உதவும் என்று. ஒரு நாள் ஒரு பொடியன் வந்து, மற்றதையும் தாங்க என்றான். ஏன் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை, கையை நீட்டியபடி நின்றான். வளையத்தில் இருந்து கழற்றிக் கொடுத்தேன். இரண்டையும் ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனான். அன்று மாலையே லாச்சியில் இருந்த மிச்சம் ஐந்தையும் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டோம்.

இதுவரை இரண்டு பேர் தொலைத்திருக்கிறார்கள். இரும்பு வாள் ஒன்று வாங்கி வையுங்கள். பூட்டை அறுக்கும்போது அவனைக் கூடவே நிற்க வையுங்கள், அலுமாரியை அவனே திறக்கட்டும்.